மீதிச் சொல்

சமோசாவை வாங்கியதுதான் தப்பு. தட்டை நீட்டிய பெண்ணிடம் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை, கை போய்விட்டது. இப்போது அதைத் தின்னவும் முடியவில்லை, கீழே போடவும் முடியவில்லை, பைக்குள் வைத்தால் பையெல்லாம் எண்ணெய். செண்பகவல்லி டீச்சர் அதைச் செய்தித்தாள் துண்டோடு மடியில் வைத்துக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் ஊறிய தாளில் யாருக்கோ போட்ட கண்ணீர் அஞ்சலிப் படம். பின்பக்கத்து விளம்பரம் தெரிந்து அந்த மீசைக்காரர் கன்னத்தில் ஒரு தண்ணீர் மோட்டார் முளைத்திருந்தது. பாவம், செத்தும் நிம்மதி இல்லை மனுஷனுக்கு. மேடையில் ஒரு கணக்கு வாத்தியார் திரையில் கம்பங்களைக் காட்டிக்கொண்டிருந்தார். சிவப்புக் கம்பம் முன்தேர்வு, பச்சைக் கம்பம் பின்தேர்வு. சிவப்பு குட்டை, பச்சை நெட்டை. நடுவில் அவர் தாயக்கட்டையை உருட்டிப் பெருக்கல் சொல்லிக் கொடுத்தாராம், பிள்ளைகள் ஒரே மாதத்தில் தேறிவிட்டார்களாம். காலையிலிருந்து இதே கதைதான். ஒருத்தர் பாட்டுப் பாடித் தேற்றினார், ஒருத்தி படஅட்டை காட்டித் தேற்றினாள், இன்னொருத்தர் புளியங்கொட்டையை வைத்துத் தேற்றினார். எந்தப் பள்ளிக்கூடத்திலும் ஒரு பச்சைகூடச் சிவப்பைவிடக் குட்டையாக இல்லை. இத்தனை பேர் இத்தனை தூக்கிவிட்டும் மாவட்டம் ஏன் இன்னும் தரையிலேயே கிடக்கிறது என்று கேட்க ஒரு ஆள் இல்லை. எல்லோரும் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள். தட்டிய பிறகுதான் உள்ளங்கையில் எண்ணெய் பிசுபிசுத்தது தெரிந்தது.

செயலாராய்ச்சி என்று இதற்குப் பேர். ஒரு ஆசிரியர் தன் வகுப்பைத் தானே ஆராய வேண்டும், தான் சொல்லிக்கொடுக்கும் விதத்தில் என்ன குறை என்று கண்டுபிடிக்க வேண்டும், மாற்றிச் செய்து பார்க்க வேண்டும், பிள்ளைகளுக்கு ஏதாவது ஏறியதா என்று பார்க்க வேண்டும். நல்ல விஷயம்தான். யாரோ நல்ல மனசோடுதான் இதைக் கண்டுபிடித்திருப்பான். அவன் இந்த அரங்கில் வந்து உட்கார்ந்தால் ஒரு சமோசாவோடு எழுந்து போய்விடுவான். குறை என்று இங்கே யார் எதைச் சொன்னார்கள்? பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை என்பது குறை. பெற்றோருக்குப் படிப்பறிவில்லை என்பது குறை. வாத்தியாரிடம் குறை கண்ட வாத்தியார் ஒருத்தர்கூட இல்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். இங்கே காக்கைகள் குஞ்சுகளைத் திட்டிவிட்டுத் தங்களைப் பொன் என்று சொல்லிக்கொண்டிருந்தன. தேநீர் இடைவேளையில் அந்தப் புளியங்கொட்டைக்காரர் பேப்பர் கப்பின் விளிம்பைக் கடித்துக்கொண்டே தொழில் ரகசியத்தைச் சொன்னார். ரொம்பச் சுலபமாம். முன்தேர்வுக்கு அடுத்த வகுப்புக் கேள்வியைக் கொடுத்துவிட வேண்டுமாம், பெல் அடிக்கப் போகும்போது கொடுக்க வேண்டுமாம். பின்தேர்வுக்கு நேற்று நடத்தியதை இன்று கேட்க வேண்டுமாம். அப்புறம் கம்பம் தானாக வளரும் என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் பல் இடுக்கில் கப்பின் மெழுகு வெள்ளையாக ஒட்டியிருந்தது. அவளால் அவர் வாயைப் பார்க்க முடியவில்லை, ஆனால் கண்ணை எடுக்கவும் முடியவில்லை. அவர் கெட்டவர் இல்லை. காய்ச்சல் வந்த பிள்ளையைத் தன் வண்டியில் ஏற்றி வீட்டில் விடுகிற ஆள்தான். அதுதான் இன்னும் அருவருப்பாக இருந்தது. முழுக் கெட்டவனாக இருந்தால் தள்ளி உட்கார்ந்துகொள்ளலாம். இவர்கள் எல்லாம் அவளைப் போலவே இருந்தார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுகிர்தா அவள் முழங்கையை இடித்து, இன்னும் ரெண்டு பேர்தான் அக்கா, அப்புறம் நீங்க என்றாள். சுகிர்தா அதே பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் எடுப்பவள், சின்னவள், கம்ப்யூட்டர் வேலையெல்லாம் அவள்தான். செண்பகவல்லிக்காகக் கம்பங்களை அவளே வரைந்து, அதை மேடைக் கம்ப்யூட்டரில் ஏற்றியும் வைத்துவிட்டாள். 'கேள்வி பதில் முறையில் ஏழாம் வகுப்பு அறிவியல்' என்று தலைப்பு. சிவப்பு, பச்சை. எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டதற்கு, மற்றவர்களுக்கு எங்கிருந்து வந்ததோ அங்கிருந்துதான் என்று சிரித்தாள். நல்ல பெண். உதவிக்கு வந்தவள் முகத்தில் எப்படி அறைவது? இன்னும் இரண்டு பேர். அதற்குள் முடிவு பண்ண வேண்டும். மேடையில் ஏறி அந்தக் கம்பங்களைக் காட்டிவிட்டு இறங்கலாம், சால்வை போடுவார்கள், வீட்டுக்குப் போய்த் தலைவலித் தைலம் தேய்த்துக்கொண்டு படுக்கலாம். இல்லாவிட்டால் கைப்பையில் கிடக்கிற செல்போனை எடுத்து, அதில் இருப்பதைப் போட்டுக் காட்டலாம். பை மடியில்தான் இருந்தது, சமோசாவுக்கு அடியில். அதற்குள் அவள் குரல் இருந்தது. செத்த எலி எங்கோ கிடக்கிற வீட்டில் எந்த அலமாரியைத் திறந்தாலும் வாடை வருகிற மாதிரி, பத்து நாளாக எதை நினைத்தாலும் அந்தக் குரல்தான் வந்துகொண்டிருந்தது.

அவள்தான் பதிவு பண்ணினாள். யாரும் பண்ணச் சொல்லவில்லை, விதி. பெருமைக்குப் பண்ணினாள். செண்பகவல்லி டீச்சர் வகுப்பு என்றால் கலகலவென்று இருக்கும் என்று ஊரில் பேர். ஆய்வுக்கு வந்த அதிகாரி வராந்தாவில் நின்று கேட்டுவிட்டு, உங்க வகுப்புலதாம்மா பிள்ளைங்க பதில் சொல்லுது என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். சரி, எல்லோரும் பொய்க் கம்பம் நடுகிறார்கள், நாம் உண்மையாகவே ஒரு வகுப்பைக் கொண்டுபோய்க் காட்டுவோம், பிள்ளைகள் எத்தனை தடவை வாய் திறக்கிறார்கள் என்று எண்ணிக் காட்டுவோம் என்று போனைச் சாக்பீஸ் டப்பாவில் சாய்த்துவைத்து ஒரு பாடவேளை முழுக்கப் பதிவு பண்ணினாள். சனிக்கிழமை மத்தியானம் அடுப்படியில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே போட்டுக் கேட்டாள். முதலில் யாரோ ஒரு பெண்பிள்ளை சத்தம் போடுகிறாளே, பக்கத்து வகுப்பா என்று நினைத்தாள். அப்படிக் கீச்சென்று, அப்படி அதட்டலாக, நடுநடுவே கொஞ்சலாக, சந்தையில் கத்தரிக்காய் கூவுகிற மாதிரி. தன் குரல் என்று புரிய நேரமாயிற்று. அது போகட்டும், தன் குரல் யாருக்குத்தான் பிடிக்கும். பிள்ளைகள் பதில் சொன்னார்கள், வாஸ்தவம். ஆனால் என்ன சொன்னார்கள்? 'வேர் உறிஞ்சுறது தண்...' என்று அவள் நிறுத்துகிறாள், 'ணீர்' என்று வகுப்பே கத்துகிறது. 'இலையில இருக்கிறது பச்சை...' 'யம்.' 'காத்துல இருந்து எடுக்கிறது கார்பன் டை ஆக்...' 'சைடு.' 'புரிஞ்...' 'சுது டீச்சர்.' தலையை அவள் சொல்கிறாள், வாலைப் பிள்ளைகள் சொல்கிறார்கள். பெல் அடிக்கிற வரைக்கும் அப்படியே. முழுசாக ஒரு சொல் ஒரு பிள்ளை வாயிலிருந்து வரவில்லை. வெண்டைக்காயின் வழவழப்பு விரலிலிருந்து கத்திப் பிடிக்கு ஏறி, பிடியிலிருந்து போனுக்கு ஏறி, எதைத் தொட்டாலும் நூல் நூலாக இழுத்தது. கையைக் கழுவினாள். திரும்பக் கேட்டாள். திரும்பக் கழுவினாள். வகுப்பறை என்று நினைத்துக்கொண்டு இருபத்திரண்டு வருஷமாக ஒரு பஜனை மடம் நடத்தியிருக்கிறாள்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள். ஆனால் முதுகைப் பார்த்துவிட்ட பிறகு என்ன செய்வது என்று யாரும் சொல்லிவைக்கவில்லையே. அவளுக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார்களும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், அவளும் பெஞ்சில் உட்கார்ந்து 'ணீர்' என்று கத்தி வளர்ந்தவள்தான், கத்தினால் ஒரு சந்தோஷம், எல்லோரோடும் சேர்ந்து கத்தினால் தெரிகிற மாதிரியே இருக்கும். தெரிகிற மாதிரி. அங்கேதான் இருக்கிறது மோசம். வால் சொல்ல எதுவும் தெரிய வேண்டாம், காது இருந்தால் போதும். தூங்குகிறவன்கூடச் சொல்லிவிடுவான். வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? தவசிமுத்து, அவள் வீட்டுக்காரர், ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அவள்தான் முடிப்பாள். இன்னைக்கு ஆபீஸ்ல என்று அவர் தொடங்கியதுமே லேட்டாயிருச்சா என்பாள். அவரும் தலையை ஆட்டிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொள்வார். ஆபீசில் வேறு என்னவோ நடந்திருக்கும். என்ன நடந்திருக்கும்? இத்தனை வருஷத்தில் அவர் சொல்ல வந்தது எவ்வளவு அப்படியே உள்ளே போயிருக்கும்? மனுஷனுக்கு அல்சர் வந்ததில் ஆச்சரியமே இல்லை. மேடையில் கணக்கு வாத்தியார் இறங்கிவிட்டார், ஒரு தமிழாசிரியை ஏறிவிட்டாள், மைக் கீச்சிட்டது. மின்விசிறி பழைய மல்லிகைப்பூ வாடையையும் பவுடர் வாடையையும் கலக்கிக் கலக்கி முகத்தில் அடித்தது. முன்வரிசைக்காரியின் பின்கழுத்தில் வியர்வையில் பவுடர் திரிந்து கோடு கோடாக இருந்தது. செண்பகவல்லி தன் பின்கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். அங்கேயும் அப்படித்தான்.

இல்லை, ஒரு பிள்ளை முழுசாகப் பேசியது. அதை நினைக்கக் கூடாது என்றுதான் மல்லிகைப்பூவையும் பவுடரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பதிவில் பாதிக்கு மேல் ஓடிய பிறகு, இரண்டு வால்களுக்கு நடுவில், மெல்லிசாக ஒரு குரல். டீச்சர் என்று கூப்பிட்டு, ராத்திரி வெயில் இருக்காதே, அப்போது செடி பட்டினி கிடக்குமா என்று கேட்கிறது. பேரிசக்கி. கடைசி பெஞ்சு, ஜன்னல் ஓரம், அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போகிறவள். பாடப் புத்தகத்தில் இல்லாத கேள்வி. பாடத்தை உள்ளே வாங்கி, மென்று, தன் வீட்டுச் செடியையும் தன் வீட்டு ராத்திரியையும் நினைத்துப் பார்த்த பிள்ளைக்குத்தான் வரும் கேள்வி. எந்த டீச்சரும் தவம் கிடக்க வேண்டிய கேள்வி. அதற்கு அந்தக் கீச்சுக் குரல் என்ன சொன்னது? அப்புறமாக் கேளு. அவ்வளவுதான். திட்டக்கூட இல்லை. கொசுவை விரட்டுகிற மாதிரி. அதைவிட, அப்படி ஒன்று நடந்தது அவளுக்கு ஞாபகமே இல்லை, அன்றைக்கு வகுப்பு நன்றாகப் போனது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து பூரிக்கு மாவு பிசைந்திருக்கிறாள். அந்த மாவை நினைத்தால் இப்போது வாந்தி வந்தது. பட்டினி கிடக்குமா. அந்தப் பிள்ளை வேறு எந்தச் சொல்லும் போடவில்லை பாருங்கள், பட்டினி என்றுதான் போட்டது.

திங்கட்கிழமை காலையில் பிரேயர் முடிந்ததும் பேரிசக்கியைக் கூப்பிட்டாள். வராந்தாத் தூணுக்குப் பக்கத்தில் வைத்து, முகத்தை எவ்வளவு சிரித்தாற்போல வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு வைத்துக்கொண்டு, அன்னைக்கு நான் செடியைப் பத்தி நடத்துறப்ப நீ ஒண்ணு கேட்டியேம்மா என்றாள். பேரிசக்கியின் முகம் அப்படியே வெளுத்தது. கை இரண்டையும் பாவாடையில் துடைத்தது.

"நான் ஒண்ணும் கேக்கல டீச்சர்."

இல்லம்மா, நல்ல கேள்விதான், திட்டுறதுக்குக் கூப்பிடல என்று இவள் சொல்லச் சொல்ல அது தலையை ஆட்டிக்கொண்டே பின்னால் நகர்ந்தது.

"சத்தியமா நான் பேசல டீச்சர். பின்னாடி பெஞ்சுலதான் யாரோ பேசுனாங்க."

கடைசி பெஞ்சுக்குப் பின்னாடி ஏது பெஞ்சு. சுவர்தான். கேள்வி கேட்டதை ஒரு களவு மாதிரி மறைக்கிறது பிள்ளை. அதை யார் அப்படி ஆக்கியது? வேறு யாராவது இருக்கிறார்களா, இவள் ஒருத்திதானே இரண்டு வருஷமாக அந்த வகுப்புக்கு அறிவியல். அன்றிலிருந்து அவள் ஒரு காரியம் செய்து பார்த்தாள். வால் விடாமல் பேசிப் பார்த்தாள். சொல்லை முழுசாகச் சொல்லி, நிறுத்தி, சும்மா நின்றாள். வகுப்பு மிரண்டுபோய்ப் பார்த்தது. எங்கே கத்த வேண்டும் என்று தெரியவில்லை அதுகளுக்கு. ஐந்து நாளில் இரண்டு பேர் பேசினார்கள். ஒருத்தன் தண்ணீர் குடிக்கப் போகலாமா என்று கேட்டான், ஒருத்தி டீச்சர் உங்களுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். அதைப் போய் என்னவென்று கம்பம் வரைவது? வரைந்தால் பச்சை தரைக்கு அடியில்தான் போகும். பேரிசக்கி ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. ஒரு சொல் வரவில்லை. இனிமேல் வருமா என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டும். சால்வை யாருக்கு வேண்டும்? அந்தப் பிள்ளை இன்னொரு தடவை கை தூக்குமா தூக்காதா, அதுதான் தெரிய வேண்டும்.

சுகிர்தா குனிந்து இவள் காதுக்குள் பேசினாள். பதிவைப் போடப் போவதாக நேற்று இவள் உளறியதை மறக்கவில்லை போலிருக்கிறது. "வேண்டாங்கா. இங்க ஒருத்தரும் இதப் பாராட்டப் போறதில்ல. செம்பகம் டீச்சருக்கே ஒண்ணும் தெரியாதாம்னு நாளைக்கு ஊரெல்லாம் பேசும். கம்பத்தைக் காட்டிட்டு எறங்கி வந்துருங்க." சொல்வது நியாயம்தான். இந்த அரங்கில் பாதிப் பேர் இவளிடம் பாடம் நடத்துவது எப்படி என்று கேட்டுக்கொண்டு போனவர்கள். இவள் குரலை இவர்கள் கேட்டுவிட்டுத் தேநீர்க் கடையில் கீச்சுக்குரலில் நடித்துக் காட்டுவார்கள், புளியங்கொட்டைக்காரர் நன்றாக நடிப்பார். தலைமையாசிரியை முகம் தூக்கிக்கொள்வாள். அதற்கெல்லாம் பயம்தான், இல்லை என்று யார் சொன்னது. எழுந்து பாத்ரூமுக்குப் போகிற மாதிரி வெளியே போய், அப்படியே பஸ் ஏறிவிடலாம். அந்தப் பாத்ரூமை நினைத்தாள், காலையில் பார்த்தது, உடனே அந்த நினைப்பையும் விட்டாள். போகாமல் இங்கேயே இருந்து கம்பத்தைக் காட்டினால்? நாளைக்கு வகுப்புக்குப் போவாள். 'தண்...' என்பாள். 'ணீர்' என்பார்கள். ஒன்றும் கெட்டுப்போகாது. அதுதான் பயங்கரம், ஒன்றுமே கெட்டுப்போகாது. அதிகாரி வராந்தாவில் நின்று கேட்டுச் சந்தோஷப்படுவார். பேரிசக்கி பத்தாவது வரைக்கும் வால் சொல்லிவிட்டு அம்மாவோடு தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும். கேள்வி கேட்கிற பிள்ளை இருந்தது என்று ஒருத்தருக்கும் தெரியாது. போன் ஒன்றுக்குத்தான் தெரியும்.

மைக்கில் அவள் பேரைச் சொன்னார்கள். சொன்னவர் பொன்னுலிங்கம் சார், இந்தக் கூட்டத்தை நடத்துகிற ஆசிரியர் பயிற்சி நிறுவனத்து விரிவுரையாளர், காலையிலிருந்து ஒவ்வொருவரிடமும் அருமை அருமை என்று சொல்லிக்கொண்டிருப்பவர். நம் மாவட்டத்தின் மூத்த அறிவியல் ஆசிரியை, அவர் வகுப்பு எப்போதும் கலகலப்பாக இருக்கும் என்றார். கலகலப்பு. அவள் சமோசாவைச் சுகிர்தாவின் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள். படி ஏறும்போது செருப்பு தரை விரிப்பில் ஒட்டியது, யாரோ தேநீர் கொட்டியிருக்கிறார்கள். திரையில் அதற்குள் அவளுடைய கம்பங்கள் வந்து நின்றன, சிவப்பு குட்டை, பச்சை நெட்டை, அதன் மேல் ஒரு புன்னகை முகத்தைச் சுகிர்தா ஒட்டிவைத்திருந்தாள். அருமை என்றார் பொன்னுலிங்கம் சார், அவள் வாயைத் திறக்கும் முன்னாலேயே. அதைக் கேட்டதும் அவளுக்குப் பயம் விட்டுப்போனது. குமட்டல்தான் மிஞ்சியது, குமட்டலோடு நிற்க முடிந்தது.

"சார், பின்னாடி தெரியுதது பொய்," என்றாள். குரல் கீச்சென்றுதான் வந்தது. "எங்கிட்ட இருக்கிறது ஒரு பதிவுதான். என் வகுப்பு. அதப் போடுதேன்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அரங்கில் யாரோ இருமினார்கள். கைப்பைக்குள் எண்ணெய் கசிந்திருந்தது, போனின் கண்ணாடி வழுக்கியது, முந்தானையில் துடைத்தாள். எந்த இடம் என்று அவளுக்குத் தெரியும், பத்து நாளாகக் கேட்ட இடம்தானே. மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தாள். முதலில் மேசை இழுபடும் சத்தம். பிறகு நாலு மூலை ஸ்பீக்கரிலிருந்தும் அந்தக் குரல்.

"செடி தனக்கு வேண்டிய சாப்பாட்ட வெயில வச்சு தானே செஞ்சுக்கிடுது. இதுக்குப் பேரு ஒளிச்சேர்..."

"க்கை," என்றது அரங்கு.

மொத்த அரங்கும் சொன்னது. முன்வரிசை பவுடர்க்காரி சொன்னாள், புளியங்கொட்டைக்காரர் சொன்னார், வாசலில் தட்டோடு நின்ற பெண் சொன்னாள், பொன்னுலிங்கம் சார் கடிகாரத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். போனுக்குள் பிள்ளைகள் சொன்னது இவர்கள் சத்தத்தில் கேட்கவே இல்லை. சொன்ன பிறகுதான் சொன்னது அவர்களுக்குத் தெரிந்தது. சிரித்தார்கள், ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு, தொடையில் தட்டிக்கொண்டு. செண்பகவல்லி சிரிக்கவில்லை. போனை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். சிரிப்பு அடங்குவதற்கும் அந்த மெல்லிசுக் குரல் வருவதற்கும் சரியாக இருந்தது.

"டீச்சர். ராத்திரி வெயில் இருக்காதுல்லா? அப்பம் செடி பட்டினியா கெடக்கும்?"

"ஏய், அப்புறமாக் கேளு. இங்க கவனி. எல்லாரும் சேந்து சொல்லுங்க. ஒளிச்சேர்..."

அரங்கில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. பிள்ளைகள் மட்டும் சொன்னார்கள்.